தொட்டி சிறுத்தால் கடல் என்னாகும்?



வீட்டுக் கூடத்தில் ஒரு துண்டுக் கடலை வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளில் பலர் தம் வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் உப்புநீரை நிரப்பி, உயிருள்ள பவளங்களையும் கடற்சாமந்திகளையும் வண்ண மீன்களையும் வளர்த்து வருகிறார்கள். இதனைப் பவளத் தொட்டி என்று அழைப்போம்.

பவளத் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் சிறிய வீட்டுக்குக் குடிபோக நேரிடுகிறது என்று கொள்வோம். அல்லது மின்கட்டணம் கையைக் கடிக்கிறது. 2022-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் மின்கட்டணம் கடுமையாக உயர்ந்தது. அத்தகைய வேளையில் இரவும் பகலும் விளக்கும் பம்பும் ஹீட்டரும் ஓடும் பெரிய தொட்டி ஒரு சுமையாகத் தோன்றுவது இயல்பு. "பெரிய தொட்டியை விற்றுவிட்டுச் சிறிய தொட்டி ஒன்று வாங்குவோம். உயிர்களை அதற்கு மாற்றிவிடுவோம். வேலையும் குறையும், செலவும் குறையும்" என்று அவர் எண்ணுகிறார்.

செலவு குறையலாம். ஆனால் வேலை குறையும் என்பது தவறான கணக்கு. கடலுயிர்களைப் பொறுத்தவரை, தொட்டி சிறுக்கச் சிறுக்க ஆபத்து பெருகுகிறது. எனவே, "எந்தத் தொட்டியை வாங்கலாம்?" என்று கேட்பதற்கு முன்னால், "எந்த உயிர்களை நம்மிடமிருந்து பிரித்து அனுப்ப வேண்டும்?" என்று கேட்பவரே பொறுப்புள்ள வளர்ப்பாளர் என்பது என் கருத்து. இதை உணர்ச்சியால் சொல்லவில்லை. நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிகமே இதைச் சொல்கிறது. எப்படி என்று காண்போம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

முதலில் பவளத் தொட்டி எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பவளம் கல்லுமன்று, செடியுமன்று. அது விலங்கினம். மிகச் சிறிய உயிர்கள் பல கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தை எடுத்துச் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றின் திசுக்களுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளத்துக்கு நிறத்தைக் கொடுப்பதிலும் இந்தப் பாசிகளுக்குப் பெரும் பங்குண்டு.

இவை வாழ, நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்க வேண்டும். இந்த அளவுகள் திடீரென்று மாறக் கூடாது. திறந்த கடலில் அவை ஒரே நாளில் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே அங்கே வாழும் உயிர்களுக்குத் திடீர் மாற்றத்தைத் தாங்கிப் பழக்கமில்லை.

மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா தோன்றுகிறது. அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீமை குறைவு. இந்த பாக்டீரியாக்கள் எங்கே வாழ்கின்றன? பெரும்பாலானவை நீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. பாறையின் மேலும், அதன் நுண்துளைகளிலும், மணலின் மேலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன.

கடலிலிருந்து உயிர்களோடு சேர்த்து எடுத்துவரப்பட்ட இத்தகைய பாறையை 'உயிர்ப்பாறை' என்பார்கள். ஜாகர்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் தம் முறையை விளக்கி எழுதினார். உயிர்ப்பாறை, கடல்நீர், வெயில், மெல்லிய காற்றுக் குமிழிகள் இவற்றையே கொண்டு அவர் தொட்டியைப் பராமரித்தார். பின்னர் பெர்லின் நகர ஆர்வலர்கள் இந்தப் பாறையோடு வலுவான விளக்குகளையும், கழிவை நுரையாக்கி நீக்கும் கருவியையும் சேர்த்தனர். இன்றைய வீட்டுத் தொட்டிகள் பல அந்த வழியில் வந்தவையே.

பாதியாக்கினால் பாதியாகுமா?

இப்போது பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டியின் நீளம் 180 செ.மீ., அகலம் 60 செ.மீ., உயரம் 60 செ.மீ. என்று கொள்வோம். அதன் கொள்ளளவு 648 லிட்டர். ஒவ்வோர் அளவையும் சரிபாதியாக்கினால் கிடைக்கும் சிறிய தொட்டி 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடையது. அதன் கொள்ளளவு எவ்வளவு? 324 லிட்டர் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். 81 லிட்டர்தான்! எட்டில் ஒரு பங்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. பெரிய தொட்டியின் ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 5.04 சதுர மீட்டர். சிறியதற்கு 1.26 சதுர மீட்டர். அதாவது நான்கில் ஒரு பங்கு. கன அளவு எட்டில் ஒன்றாகக் குறையும்போது பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆகவே சிறிய தொட்டியில் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் இரண்டு மடங்கு பரப்பு இருக்கிறது. உருவம் மாறாமல் அளவு மட்டும் மாறும்போது பரப்பும் கன அளவும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்பதைக் கலிலியோ 1638-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விளக்கினார். எலும்புகளைப் பற்றி அவர் சொன்ன பாடம் மீன்தொட்டிக்கும் பொருந்துகிறது.

இதன் விளைவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, வெப்பம். வெப்பம் வெளியேறுவது பரப்பின் வழியாக. சேமிக்கப்படுவது நீரின் நிறையில். குளிர்நாட்டில் மின்சாரம் நின்றுபோனால், சிறிய தொட்டி ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் குளிரும். பெரிய தொட்டி ஆறு மணி நேரம் தாக்குப் பிடித்தால், சிறியது மூன்று மணி நேரமே தாக்குப் பிடிக்கும்.

மாறாக, ஹீட்டரின் தானியங்கி ஸ்விட்ச் கெட்டுப்போய், அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹீட்டரின் திறன் 200 வாட். கடல்நீரின் தன்வெப்பம் கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 ஜூல். வெளியேறும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 648 லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடேற சுமார் 3 மணி 40 நிமிடம் ஆகும். 81 லிட்டர் நீருக்கு 28 நிமிடம் போதும்! பெரிய தொட்டியின் சொந்தக்காரர் கடைக்குப் போய்விட்டு வந்தும் காப்பாற்றிவிடலாம். சிறிய தொட்டியின் சொந்தக்காரர் திரும்பி வரும்போது பவளங்கள் வெந்துகொண்டிருக்கும். பழைய தொட்டியின் ஹீட்டரை அப்படியே புதிய தொட்டியில் மாட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்று இப்போது தெரிகிறதல்லவா?

இரண்டாவது, உப்பு. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் உயர நீர் ஆவியாகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். ஒரு வாரம் யாரும் கவனிக்கவில்லை. 35 மில்லிமீட்டர் நீர் குறைந்துவிடும். 600 மில்லிமீட்டர் உயரமுள்ள பெரிய தொட்டியில் உப்பு 35 கிராமிலிருந்து ஏறத்தாழ 37 கிராமாக உயரும். 300 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறிய தொட்டியிலோ அது 39 கிராமைத் தாண்டி 40-ஐ நெருங்கிவிடும். குறைந்த நீரை ஈடுசெய்ய உப்புநீரை ஊற்றுவது பலர் செய்யும் பிழை. போனது நீர் மட்டுமே. ஆகவே ஊற்ற வேண்டியதும் உப்பில்லாத தூய நீர் மட்டுமே.

மூன்றாவது, நஞ்சு. ஒரு மீன் பாறை இடுக்கில் செத்துக் கிடக்கிறது. அதிலிருந்து வெளியாகும் அம்மோனியாவின் அளவு இரு தொட்டிகளிலும் ஒன்றே. ஆனால் அது கலப்பது ஒன்றில் 648 லிட்டரில். மற்றொன்றில் 81 லிட்டரில். சிறிய தொட்டியில் செறிவு எட்டு மடங்கு! பவளங்கள் உறிஞ்சும் கால்சியத்துக்கும் இதே கணக்குத்தான். அதே பவளங்கள் அனைத்தையும் சிறிய தொட்டிக்கு மாற்றினால், நீரிலுள்ள கால்சியம் எட்டு மடங்கு வேகத்தில் குறையும்.

நான்காவது, பிராணவாயு. இந்த வெப்பநிலையில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கக் கூடிய பிராணவாயு சுமார் ஆறரை மில்லிகிராம். பெரிய தொட்டியில் மொத்தம் 4 கிராமுக்குச் சற்று மேல். சிறியதில் அரைக் கிராம்தான். பம்பு நின்ற இரவில் அத்தனை மீன்களும் இந்த அரைக் கிராமைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். காற்றிலிருந்து புதிதாகக் கரைவதற்கு வழியான மேற்பரப்பும், முன்பிருந்ததில் கால்பங்குதான்.

இன்னும் ஒன்று. 81 லிட்டர் என்பது வெறும் தொட்டியின் கணக்கு. உள்ளே வைக்கும் பாறையும் மணலும் 15 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டால், நீர் 66 லிட்டர்தான். ஆர்க்கிமிடீஸை மறந்துவிட வேண்டாம்!

யாரைப் பிரிப்பது?

தொட்டியின் நீளத்தைப் பாதியாக்கலாம். மீனின் நீளத்தைப் பாதியாக்க முடியுமா? சர்ஜன் மீன் குடும்பத்தைச் சேர்ந்த நீல மீன் ஒன்று உண்டு. 2003-ல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' என்ற படத்தில் வரும் டோரி இந்த இனந்தான். கடைகளில் விரல் நீளக் குஞ்சாகக் கிடைக்கும். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும். பாறைத் திட்டுகளின் மேலே நீந்தித் திரியும் பழக்கமுடையது. 90 செ.மீ. தொட்டியில் அது மூன்று உடல் நீளம் நீந்துமுன் கண்ணாடியில் முட்டும். அது வாழ்வதாக நாம் எண்ணுவோம். அது சிறையிருக்கும்.

ஆனால் சிறிய உளுவை மீன்களும் கோமாளி மீன் இணையும் குறுகிய இடத்திலேயே வாழும் இயல்புடையவை. கோமாளி மீன் கடலிலும் தன் கடற்சாமந்தியை விட்டு அதிக தூரம் போவதில்லை. அவற்றுக்குச் சிறிய தொட்டி பொருந்தும். கடற்சாமந்தி மட்டும் அங்கே யோசனைக்குரியது. அது இடம் பெயரக் கூடியது. நகர்ந்து போய் அருகிலுள்ள பவளங்களைத் தன் கொட்டும் இழைகளால் கருக்கிவிடும். பவளங்களும் பக்கத்துப் பவளங்களோடு இடத்துக்காகப் போரிடுபவைதாம். பெரிய தொட்டியில் ஒரு முழம் இடைவெளியில் அமைதியாக இருந்தவை, சிறிய தொட்டியில் நெருங்கி வைக்கப்பட்டால் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும்.

ஆகவே, அழகையோ விலையையோ பார்த்து உயிர்களைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எது சிறிய நீரில் வாழத் தக்கது என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். பத்து மீன்கள் இருந்தால் எட்டு மீன்களைப் பிரிய நேரலாம். மனத்துக்குக் கடினமான முடிவுதான். கோமாளி மீன் தொட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக் கூடியது. அத்தனை ஆண்டுகள் ஓர் உயிரைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டவர், அதைத் தம்மால் காக்க இயலாத நாளில் காக்கக் கூடியவரிடம் ஒப்படைப்பது தோல்வி ஆகாது. அதுவும் வளர்ப்பின் ஒரு பகுதிதான்.

மாற்றும் நாளன்று

மாற்றும் வேலையிலும் பல தவறான எண்ணங்கள் உண்டு. "பழைய தண்ணீரை முழுவதும் கொண்டுபோனால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது அவற்றுள் ஒன்று. பாக்டீரியாக்கள் பாறையில் இருக்கின்றன என்று முன்பே பார்த்தோம். ஆகவே, கொண்டுபோக வேண்டிய உண்மையான செல்வம் பாறைதான். அதனைக் கடல்நீரில் மூழ்கிய நிலையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். காய்ந்துவிட்டால் அதிலுள்ள உயிர்கள் மடிந்து, அவையே அம்மோனியாவாக மாறும்.

பழைய மணலை அப்படியே அள்ளிப் போடுவது மற்றொரு தவறு. பல ஆண்டுகளாக அடியில் படிந்த கழிவு அதில் இருக்கும். காற்றுப் புகாத அடியடுக்குகளில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கக் கூடும். கிளறினால் அத்தனையும் ஒரே நேரத்தில் நீரில் கலக்கும். அதை நன்றாகக் கழுவ வேண்டும்; அல்லது புது மணல் இட வேண்டும்.

புதிய நீரை முந்தின நாளே கலந்து, வெப்பநிலையும் உப்பும் பழைய தொட்டியோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் பாறை, பிறகு பவளம், கடைசியில் மீன் என்பதே முறை. அடுத்த சில வாரங்கள் அம்மோனியாவை அடிக்கடி சோதித்து வர வேண்டும்.

விளக்கை மறந்துவிடக் கூடாது. பழைய தொட்டியின் அடியில் இருந்த பவளம் 60 செ.மீ. ஆழத்தில் இருந்தது. இப்போது 30 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. அதே விளக்கை அதே உயரத்தில் மாட்டினால் பவளத்தின் மேல் விழும் ஒளி திடீரென்று கூடிவிடும். ஒளி மிகுந்தால் பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளிறிவிடும். விளக்கை உயர்த்தியோ ஒளியைக் குறைத்தோ தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும்.

"சிறிய தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 20, 30 லிட்டரிலேயே அழகாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆவியான நீரைத் தானாகவே நிரப்பும் கருவிகளும், வெப்பநிலை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிகளும் இன்று கிடைக்கின்றன. ஆனால் அவர்களுடைய தொட்டியை உற்றுப் பாருங்கள். உயிர்கள் மிகக் குறைவாக இருக்கும். கவனிப்பு நாள்தோறும் நடக்கும். தொட்டி குறைந்த அளவுக்குக் கவனம் கூடியிருக்கும். இவ்விரண்டையும் செய்யாமல் கருவியை மட்டும் நம்புவோரைத்தான் நான் எச்சரிக்கிறேன். கருவியும் மின்சாரம் இருக்கும்வரைதான் வேலை செய்யும்.

இதில் ஒரு நல்ல வழியும் உண்டு. பல வீட்டுத் தொட்டிகளுக்குக் கீழே, அலமாரிக்குள் மறைவாக இன்னொரு தொட்டி இருக்கும். நீர் அதற்குள் இறங்கித் தூய்மையாகி மேலே ஏறும். மேல்தொட்டியைச் சிறிதாக்குபவர்கள் இந்தக் கீழ்த்தொட்டியைப் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். 81 லிட்டர் தொட்டியோடு 150 லிட்டர் கீழ்த்தொட்டி சேர்ந்தால் மொத்தம் 231 லிட்டர் ஆகிறது. கண்ணாடியைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்பதே இதன் பொருள். பரப்பளவு குறைந்த வீட்டுக்கும் இது ஒத்துவரும்.

மிஞ்சியவை எங்கே போகும்?

சிறிய தொட்டியில் இடமில்லாத உயிர்களை என்ன செய்வது? இங்கேதான் ஒரு வீட்டின் கவலை ஊரின் கவலையாக மாறுகிறது. "கடலில் பிறந்தது, கடலிலேயே விட்டுவிடுவோம்" என்று சிலர் எண்ணுகிறார்கள். கேட்பதற்குக் கருணைபோல் இருக்கிறது. விளைவோ கொடியது.

1984-ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலில், மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்கு முன்னால், 'காலர்பா டாக்சிஃபோலியா' என்ற வெப்பமண்டலப் பாசி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட பாசி அது. பின்னர் அது பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் கரையோரங்களில் பரவி, அங்கே இயற்கையாக வளர்ந்த கடற்புற்களை நெருக்கியது. 2000-ஆம் ஆண்டில் இதே பாசி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு கழிமுகத்தில் தலைகாட்டியது. யாரோ தொட்டியைக் கவிழ்த்ததால் வந்ததாகவே கருதப்படுகிறது. அதைப் பாலித்தீன் விரிப்புகளால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று.

சிங்க மீனின் கதையும் அதுதான். இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்குரிய இந்த மீன் 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையருகே காணப்பட்டது. மீன்தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே இதற்குக் காரணம் என்பது அறிஞர்களின் முடிவு. இன்று அது கரிபியன் கடல் முழுவதும் பரவி, பவளப்பாறைகளின் இளம் மீன்களைத் தின்று கொழுக்கிறது. ஒரு வீட்டில் இடமில்லாமல் போன மீனுக்கு ஒரு கடலே விலை கொடுக்கிறது.

ஆகவே மிஞ்சியவற்றை அனுபவமுள்ள வேறு வளர்ப்பாளர்களுக்கோ, ஏற்றுக்கொள்ளும் கடைகளுக்கோ, காட்சிசாலைகளுக்கோ கொடுப்பதே முறை. பவளத்துக்கு ஒரு வசதி உண்டு. பெரிய பவளத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து வேறிடத்தில் ஒட்டினால் அது தனியாக வளரும். ஒரு துண்டை வைத்துக்கொண்டு மீதியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். அவ்வாறு பெறுபவர்கள் கடலிலிருந்து புதிதாக வெட்டி எடுத்த பவளத்தை வாங்க வேண்டியதில்லை.

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டில் கல் பவளங்கள், கறுப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் முதலியவை 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். இராமேசுவரத்துக்கோ தூத்துக்குடிக்கோ சுற்றுலா போகும்போது, கரையில் யாராவது பவளத் துண்டை விற்றால் வாங்காதீர்கள். நம் வீட்டில் இத்தகைய தொட்டி இல்லாமலிருப்பது ஒரு குறையன்று. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி உண்மையான பவளத் தொட்டியே நமக்கு இருக்கிறது.

ஆயினும் அந்தப் பெருந்தொட்டியும் பாதுகாப்பாக இல்லை. புவி வெப்பமடைவதால் மிஞ்சும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல்தான் ஏற்றுக்கொள்கிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே பவளங்கள் வெளிறத் தொடங்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படி நடந்தது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நடந்து வருவதாக அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனம் அறிவித்தது. 81 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 28 நிமிடம் ஆகிறது என்று கணக்கிட்டோம். கடலை உயர்த்த எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! அத்தனை வெப்பத்தை நாம் சேர்த்திருக்கிறோம். அந்தத் தொட்டிக்கு மாற்றுத் தொட்டி கிடையாது.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். செய்து பாருங்கள். ஒரே வடிவமுள்ள இரு எவர்சில்வர் பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் உயரமும் விட்டமும் மற்றதைப்போல் இரு மடங்கு இருக்கட்டும். பெரியவர் ஒருவரின் துணையோடு இரண்டிலும் ஒரே சூடுள்ள நீரை நிரப்புங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்து வெப்பமானியைக் கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, வரைபடத் தாளில் குறியுங்கள். ஆறிய பிறகு இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு மை விட்டுக் கலக்கி, நிறத்தை ஒப்பிடுங்கள். இரண்டு வளைகோடுகளும் இரண்டு நிறங்களும் எந்தச் சொற்களையும்விடத் தெளிவாகப் பேசும்.

உயிர்களைச் சிறிய நீருக்கு மாற்றுகிறவர், அந்த நீர் பொறுக்கும் பிழைகளின் அளவையும் குறைத்துவிடுகிறார். குறைந்ததை ஈடுசெய்ய அவரிடம் இருப்பவை இரண்டே. ஒன்று, உயிர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. மற்றொன்று, தம் கவனத்தைக் கூட்டுவது. இரண்டுக்கும் மனமில்லாதவர் பெரிய தொட்டியை முழுவதுமாகத் தகுந்தவரிடம் ஒப்படைத்துவிடுவதே நல்லது. சிறிய தொட்டியை வாங்கும் பணம் அவருக்கு மிச்சம். உயிர்கள் அந்த உயிர்களுக்கு மிச்சம்.